இழையா, மணியா?

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த மைட்டோகாண்ட்ரியா ஓர் அவரை விதையைப் போல இருந்தது. வெளியே வழவழப்பாக ஒரு கோடு. உள்ளே குடல்போல மடிந்து மடிந்து ஓடும் இன்னொரு கோடு. நான்கு அம்புக்குறிகள், நான்கு பெயர்கள், அடியில் ‘செல்லின் ஆற்றல் மையம்’ என்ற வரி. பென்சிலைக் கூராகச் சீவி வரைந்திருந்ததால் ஆசிரியர் ‘நன்று’ போட்டுக் கையெழுத்திட்டார். அந்தப் படத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சாம்பாரில் மட்டுமே முருங்கைக்காயைப் பார்த்த ஒருவரை முருங்கைக்காய் வரையச் சொன்னால் எப்படி வரைவாரோ, அப்படிப்பட்ட படம் அது.

1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜார்ஜ் பலாடியும் ஸ்வீடனில் ஃப்ரிட்யோஃப் ஷோஸ்ட்ராண்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள்தான் பாடநூல்களுக்கு அந்த அவரை விதையைக் கொடுத்தன. எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உயிருள்ள செல் ஆகாது. செல்லை ரசாயனத்தில் பதப்படுத்தி, பிசினில் இறுகவைத்து, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் வரும் கனத்துக்குச் சீவவேண்டும். வளைந்து நெளிந்து கிடக்கும் நீண்ட குழாய் ஒன்றை அப்படிச் சீவினால், சீவலில் வட்டமும் நீள்வட்டமும்தான் தெரியும். செத்த செல்லில் எதுவும் அசையாது என்பதால், மைட்டோகாண்ட்ரியா ஓரிடத்தில் உட்கார்ந்து மின்சாரம் தயாரிக்கும் பெட்டி என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 1957இல் ஃபிலிப் சீகவிட்ஸ் ஒரு கட்டுரையில் அதைச் செல்லின் ஆற்றல் மையம் என்று வர்ணித்தார். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவருகிறார்கள்.

உயிரோடு பார்த்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்கரெட் லூயிஸ், வாரன் லூயிஸ் என்ற தம்பதியர் கோழிக்கருவின் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்து, சாதாரண நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1914, 1915ஆம் ஆண்டுகளில் அவர்கள் எழுதிவைத்தது இன்று படித்தாலும் புதிதாக இருக்கிறது: மைட்டோகாண்ட்ரியா புழுவைப்போல நெளிகிறது, கிளைவிடுகிறது, இரண்டாக அறுபடுகிறது, அறுபட்டவை வேறொன்றோடு ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கையால் படம் வரைந்து பதிவுசெய்த அந்த உண்மைக்கு, ஒளிரும் புரதங்களும் கேமராக்களும் வந்த 1990களில்தான் திரும்ப மரியாதை கிடைத்தது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1898இல் ஜெர்மானியரான கார்ல் பெண்டா இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். ‘மிட்டோஸ்’ என்றால் நூல். ‘காண்ட்ரோஸ்’ என்றால் சிறுமணி. சில செல்களில் நூலாகவும் சிலவற்றில் மணிமணியாகவும் தெரிந்ததால் இரண்டையும் சேர்த்துவிட்டார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு வழங்கும் சொல் ‘இழைமணி’. கிரேக்கத்தின் இரு பாதியையும் சிந்தாமல் தமிழுக்குக் கொண்டுவந்த சொல். தமிழ்நாட்டில் படித்த எனக்கு இது தெரியவந்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இந்தக் கட்டுரையில் இனி அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இங்கே பேசப்போவது முழுவதும் இதைத்தான்: இழை எப்போது மணியாகிறது, மணிகள் எப்போது இழையாகின்றன, இந்த மாற்றம் பிசகினால் என்ன நோய் வருகிறது.

இழைமணி ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. 1967இல் லின் மார்குலிஸ் இதை விரிவாக வாதிட்டு எழுதிய கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின. இன்று அது பாடம். புகுந்த வீட்டில் அதன் நிலைமை ஏறக்குறைய வீட்டோடு மாப்பிள்ளையின் நிலைமைதான். சொத்தில் பெரும்பகுதியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டது. மனித இழைமணியிடம் இன்று மிஞ்சியிருக்கும் டிஎன்ஏ வெறும் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றைக் கொண்டு 13 புரதங்கள் மட்டுமே செய்ய முடியும். தேவைப்படும் மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களும் செல்லின் உட்கருவிலிருந்து உத்தரவாகி, வெளியே தயாராகி, உள்ளே அனுப்பப்படுகின்றன.

ஆனாலும் ஒன்றை அந்த வீட்டுக்காரரால் செய்ய முடியாது. புதிதாக ஓர் இழைமணியை மூலப்பொருள்களிலிருந்து கட்டியெழுப்ப முடியாது. இருப்பது வளர்ந்து, இரண்டாகப் பிரிந்தால்தான் இன்னொன்று. உங்கள் கல்லீரலில், இதயத்தில், கண்ணில் இருக்கும் ஒவ்வொரு இழைமணியும் அம்மாவின் கருமுட்டையில் இருந்தவற்றின் வாரிசு. அம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்தது. இடையில் ஒரு முறைகூட அறுபடாத இந்தத் தொடர்ச்சி, கணக்கில்லாத முறை அறுத்து அறுத்தே காப்பாற்றப்பட்டிருக்கிறது.

பாக்டீரியா தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும். எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் அதன் நடுப்பகுதியில் உட்புறமாக ஒரு வளையம் கட்டி, சவ்வை உள்ளிருந்து சுருக்கும். சில பாசிகளின் இழைமணிகளில் அந்தப் பழைய வளையம் இன்னும் இருக்கிறது. விலங்குகளின் இழைமணிகள் அதையும் தொலைத்துவிட்டன. எப்போது பிரிவது, எங்கே பிரிவது என்பதெல்லாம் இப்போது வீட்டுக்காரரின் முடிவு. வெட்டும் கருவியும் வெளியிலிருந்து வருகிறது.

அந்தக் கருவியின் குடும்பத்தை முதலில் காட்டிக்கொடுத்தவை பழ ஈக்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவில் டேவிட் சுசுகியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு விசித்திரமான ஈ இனம் கிடைத்தது. அறை வெப்பத்தில் சாதாரணமாகப் பறக்கும். 29 டிகிரிக்குச் சூடேற்றினால் வாதம் வந்ததுபோல விழுந்துவிடும். குளிரவைத்தால் சில நிமிடங்களில் எழுந்து நடக்கும். மரத்துப்போவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லால் அதற்கு ‘ஷிபிரே’ என்று பெயரிட்டார்கள். அந்த ஈயில் பழுதாகியிருந்தது டைனமின் என்ற புரதம் என்று பின்னால் தெரிந்தது. நரம்பு முனையில் சவ்விலிருந்து குட்டிக் குட்டிப் பைகளைக் கிள்ளியெடுப்பது அதன் வேலை. கிள்ளுவது நின்றால் நரம்பின் செய்தியும் நின்றுவிடும், ஈ விழுந்துவிடும்.

இந்த டைனமினின் பங்காளி ஒன்றுதான் இழைமணியைப் பிரிப்பது. 1990களின் இறுதியில் ஈஸ்ட்டிலும் மனித செல்களிலும் அதை அடையாளம் கண்டார்கள். பெயர் டிஆர்பி-1. (தொலைக்காட்சித் தொடர்களின் டிஆர்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் எழுதும்போது வரும் தொல்லை இது.) சாதாரண நேரத்தில் இந்தப் புரதம் செல்லின் திரவத்தில் அங்குமிங்கும் மிதந்துகொண்டிருக்கும். அழைப்பு வந்ததும் இழைமணியின் மேல் வந்து ஒட்டும். ஒன்றோடொன்று கைகோத்து, குழாயைச் சுற்றிச் சுருளாகும். ஜிடிபி என்ற எரிபொருள் மூலக்கூறை உடைத்து, அந்த விசையில் சுருளை இறுக்கும்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரு முனையையும் இழுத்தால் பையின் வாய் மூடிக்கொள்ளும். டிஆர்பி-1 அந்தக் கயிறு. ஒரு வித்தியாசம், இங்கே இறுக்கம் நிற்காமல் தொடர்ந்து பை இரண்டாகிவிடும்.

ஆனால் கயிற்றின் அளவில் ஒரு சிக்கல் இருந்தது. இழைமணிக் குழாயின் குறுக்களவு சாதாரணமாக 300 முதல் 500 நானோமீட்டர். இந்தப் புரதக் குடும்பம் கட்டும் சுருளின் அகலமோ சுமார் 100 நானோமீட்டர்தான். தாம்புக்கயிற்றால் கட்டவேண்டியதைப் பூ கட்டும் நாரால் கட்ட முடியுமா? அப்படியானால் கயிறு வருவதற்கு முன்பே யாரோ அந்த இடத்தைப் பிழிந்து ஒல்லியாக்கியிருக்க வேண்டும்.

யார் என்பது 2011இல் தெரிந்தது. கொலராடோவில் ஜியா வோல்ட்ஸும் கலிஃபோர்னியாவில் ஜோடி நுன்னாரியும் தங்கள் குழுக்களோடு சேர்ந்து உயிருள்ள செல்களைப் படம்பிடித்தார்கள். செல் முழுக்கப் படர்ந்திருக்கும் எண்டோபிளாச வலையின் மெல்லிய குழாய்கள், இழைமணியைக் குறுக்காகச் சுற்றிப் பிடிக்கின்றன. பிடித்த இடம் இடுப்புபோல ஒடுங்குகிறது. அதற்குப் பிறகுதான் அங்கே டிஆர்பி-1 வந்து கூடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தச் சந்திப்பில் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளும் முளைத்து அழுத்தம் கொடுக்கின்றன என்பது தெரிந்தது. தனியொரு கத்தி என்று நினைத்தது இப்போது ஒரு பட்டறையாக விரிந்துவிட்டது. அறுபடும் இடமும் மனம்போன போக்கில் அமைவதில்லை. 2016இல் நுன்னாரியின் குழு மனித செல்களில் காட்டியதுபோல, இழைமணியின் டிஎன்ஏ நகலெடுக்கப்படும் இடங்களை ஒட்டியே இந்தப் பிடிகள் அமைகின்றன. நகல் தயாரானதும் பக்கத்திலேயே வெட்டு விழும். ஆளுக்கொரு பிரதி.

கடைசித் துண்டிப்பைச் செய்வது யார் என்பதில் ஒரு சண்டையும் நடந்தது. டிஆர்பி-1 இறுக்க மட்டுமே செய்கிறது, அறுப்பது அதன் பங்காளியான டைனமின்-2 என்று 2016இல் ஒரு குழு சொன்னது. இரண்டே ஆண்டுகளில் புனேயின் ஐசர் ஆய்வு நிறுவனத்தில் தாமஸ் புகடியில் குழுவினர், ஆஸ்திரேலியக் கூட்டாளிகளுடன், சோதனைக் குழாயில் மெல்லிய சவ்வுக் குழாய்களை உருவாக்கி அவற்றின் மேல் டிஆர்பி-1ஐ மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அது தனியாகவே இறுக்கி, தனியாகவே அறுத்தது. டைனமின்கள் இல்லாத செல்களிலும் இழைமணிகள் தடையின்றிப் பிரிகின்றன என்று 2019இல் ஜெர்மனியிலிருந்து வந்த முடிவும் அதற்கு வலுச்சேர்த்தது. இந்த வழக்கில் என் தீர்ப்பு புனே பக்கம்.

எதற்காக இத்தனை பாடு? ஒரு காரணம் எளிது. செல் இரண்டாகும்போது இரண்டு மகள் செல்களுக்கும் இழைமணிகள் போய்ச் சேர வேண்டும். நீண்ட வலையாகப் பின்னிக் கிடந்தால் பங்கு பிரிக்க முடியாது. அதனால் செல் பிரியும் தறுவாயில் டிஆர்பி-1இன் 616ஆவது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. அது ‘வெட்டு’ என்ற உத்தரவு. இன்னொரு சுவிட்ச் 637ஆவது இடத்தில். அங்கே பாஸ்பேட் ஏறினால் ‘வெட்டாதே’ என்று பொருள். செல் பட்டினி கிடக்கும்போது இந்த இரண்டாவது சுவிட்ச்தான் போடப்படுகிறது. பட்டினியில் செல் தன் சொந்த உறுப்புகளையே தின்று உயிர்பிழைக்கும். ஆனால் நீண்ட இழைகளை அதனால் விழுங்க முடிவதில்லை. ஆகவே அடுப்பு அணையாமல் இருக்க இழைமணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டுவிடுகின்றன. 2011இல் இதைப் படித்தபோது, பஞ்சகாலத்தில் குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டதாகப் பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. செல்லுக்குப் பாசம் கிடையாது என்பது தெரிந்தும்தான்.

சேர்வதற்கும் தனிக் கருவிகள் உண்டு. வெளிச்சவ்வுகளை ஒட்டுபவை மைட்டோஃபியூசின்கள். உட்சவ்வுகளை ஒட்டுவது ஓபா-1. சேரும்போது இரண்டின் சரக்கும் கலக்கிறது. ஒன்றில் பழுதான புரதத்துக்கு மற்றொன்றின் நல்ல புரதம் ஈடுகொடுக்கும். ஓரளவு நோய்வாய்ப்பட்ட இழைமணிக்கு இதுவே வைத்தியம்.

வைத்தியத்துக்கு மிஞ்சியதை என்ன செய்வது? இங்கேதான் கதை திரும்புகிறது.

பல ஆண்டுகளாக ஒரு முரண் ஆய்வாளர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. இழைமணி பிரிவது பெருகுவதற்கு என்று ஒரு தரப்பு சொன்னது. பிரிவது அழிவதற்கு என்று இன்னொரு தரப்பு சொன்னது. இரண்டு தரப்பிடமும் நல்ல ஆதாரங்கள் இருந்தன. இரண்டிலும் வெட்டுவது அதே டிஆர்பி-1தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுலியானா மான்லியின் ஆய்வுக்கூடத்தில் தாட்யானா கிளீலும் சகாக்களும் இதற்கு ஓர் எளிய கேள்வியோடு வந்தார்கள்: இழையின் எந்த இடத்தில் வெட்டு விழுகிறது? குரங்கின் சிறுநீரகச் செல்களிலும் சுண்டெலியின் இதயச் செல்களிலும் ஏராளமான வெட்டுகளைப் படம்பிடித்து, ஒவ்வொன்றும் முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். 2021இல் வெளியான அவர்களது முடிவு: வெட்டுகள் இரண்டு சாதி. ஒன்று நடுவில் விழுவது. மற்றொன்று முனையை ஒட்டிய கால் பங்குக்குள் விழுவது.

நடுவில் விழும் வெட்டில் எண்டோபிளாச வலையும் ஆக்டினும் வருகின்றன. பிரிந்த இரண்டும் நலமாக இருக்கின்றன, வளர்கின்றன. முனையில் விழும் வெட்டில் அவை வருவதில்லை; அங்கே வந்து தொட்டுக்கொண்டு நிற்பது லைசோசோம், செல்லின் குப்பை எரிக்கும் பை. வெட்டு விழுவதற்கு முன்பே அந்த முனையில் மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது, கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏறியிருக்கின்றன. நகலெடுக்கும் டிஎன்ஏ அங்கே இல்லை. பழுதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கி, ஓரத்தைக் கிள்ளி, குப்பைக்கு அனுப்புகிறது செல். டிஆர்பி-1ஐக் கூப்பிட்டு உட்காரவைக்கும் துணைப்புரதங்களும் இரண்டிடத்திலும் வேறு வேறு: நடுவில் எம்எஃப்எஃப், முனையில் ஃபிஸ்-1.

கரும்பு போட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடவுக்கு விதைக்கரணை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் பரு இருக்கிறதா என்று பார்த்து வெட்டுவார்கள். பரு இல்லாத துண்டு முளைக்காது. அதே ஆள், அதே அரிவாள், சில மாதங்கள் கழித்துக் காய்ந்த தோகையைக் கழித்துப் போடுவார். அரிவாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் வெட்டுதான். இழைமணியின் பரு அதன் டிஎன்ஏ.

குப்பைக்குப் போகும் துண்டுக்கு முத்திரை குத்தும் வேலையும் நுணுக்கமானது. நலமான இழைமணியின் உட்சவ்வில் சுமார் 150 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பிங்க்-1 என்ற புரதம் அந்த மின்னழுத்தத்தால் உள்ளே இழுக்கப்பட்டு உடனுக்குடன் சிதைக்கப்பட்டுவிடும். மின்னழுத்தம் இறங்கினால் அது உள்ளே போக முடியாமல் வாசலிலேயே தேங்கும். தேங்கிய பிங்க்-1, பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தைக் கூப்பிடும். பார்க்கின் அந்தத் துண்டின் மேலெல்லாம் ‘அகற்று’ என்று சீட்டு ஒட்டும். பார்க்கின் மரபணுவை 1998இல் கண்டுபிடித்தது ஜப்பானியக் குழு. இள வயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த குடும்பங்களில் அது பழுதாகியிருந்தது. பிங்க்-1க்கும் அதே நோயோடு தொடர்பு என்று 2004இல் தெரிந்தது. இரண்டும் கூட்டாளிகள் என்பதும், அவற்றின் வேலை கெட்ட இழைமணியைக் கழிப்பது என்பதும் அதன் பிறகுதான் விளங்கியது. கைநடுக்க நோயாளியின் மூளையில் சாகும் செல்களின் கதை, ஒரு பகுதியேனும், குப்பை அள்ளப்படாத தெருவின் கதை.

வெட்டும் புரதமே பழுதானால்? சுண்டெலிகளில் டிஆர்பி-1 மரபணுவை முழுவதும் நீக்கினால் குட்டி பிறப்பதே இல்லை. கருவின் பாதிப் பருவத்தைத் தாண்டியதும் இறந்துவிடுகிறது. மனிதரில் முதல் நேர்வு 2007இல் பதிவானது. ஒரு பெண் குழந்தை. தலை சிறுத்து, மூளை சரியாக வளராமல், பார்வை நரம்பு மெலிந்து, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி இருந்தது. 37 நாள் வாழ்ந்தது. பெற்றோர் இருவரின் டிஆர்பி-1 மரபணுவிலும் பிழை இல்லை. குழந்தையில் புதிதாக, டிஆர்பி-1இன் 395ஆவது இடத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பிழை. ஆனால் டிஆர்பி-1 கைகோத்து வேலைசெய்யும் புரதம் அல்லவா? சங்கிலியில் இடையிடையே வலுவற்ற கண்ணிகள் சேர்ந்தால் சங்கிலியே கெட்டுவிடுகிறது. அந்தக் குழந்தையின் செல்களில் இழைமணிகள் அறுபடாமல் நீண்டு, உட்கருவைச் சுற்றிச் சிக்கு விழுந்த நூல்போலக் கிடந்தன.

சேர்க்கும் புரதங்கள் கெட்டாலும் நோய்தான். ஓபா-1 மரபணு பழுதானால் பார்வை நரம்பு மெலிந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வை மங்கத் தொடங்கும். மைட்டோஃபியூசின்-2 பழுதானால் சார்கோ-மாரி-டூத் என்ற நரம்பு நோயின் ஒரு வகை வரும்; அதன் தொடர்பு 2004இல் உறுதியானது. முதலில் பாதத்தில் வலு குறையும், நடக்கும்போது கால் தட்டும், பிறகு கைக்கு வரும். ஏன் முதலில் பாதம்? முதுகுத்தண்டிலிருந்து பெருவிரல்வரை போகும் நரம்பு செல்லின் வால் ஒரு மீட்டர் நீளம். அந்தக் கோடி வரை இழைமணிகள் பயணம் போக வேண்டும், போகும் வழியில் பழுதானால் சரிசெய்யப்படவும் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும். வெட்டுபவரும் ஒட்டுபவரும் எதிரெதிர் வேலை செய்பவர்கள். ஆனால் எவர் கெட்டாலும் அடிபடுவது கண்ணும் நரம்பும் மூளையும். ஆற்றல் அதிகம் தின்பவை அவை. செத்த செல்லுக்குப் பதிலாக வேறொன்று முளைக்காத இடங்களும் அவையே.

புற்றுநோயில் பிரச்சினை வேறு மாதிரி. ராஸ் என்ற மரபணு பிழையாகி ஓயாமல் ‘வளர், வளர்’ என்று கத்தும் கட்டிகளில், அந்தக் கத்தலின் ஒரு கிளை டிஆர்பி-1இன் 616ஆவது சுவிட்சைப் போட்டுவிடுகிறது. 2015இல் இதை நிறுவிய ஆய்வுகளில், சுண்டெலிகளில் டிஆர்பி-1ஐ அடக்கியபோது கட்டி வளர்வது தளர்ந்தது. மாரடைப்பிலும் இதே பேச்சு வந்தது. அடைப்பை நீக்கி இரத்தம் திரும்பப் பாயும் நேரத்தில் இதயச் செல்களின் இழைமணிகள் பொலபொலவென்று துண்டாகின்றன. துண்டாவதைத் தடுத்தால் தசையைக் காப்பாற்றலாமே என்ற ஆசை இயல்பானது.

அந்த ஆசைக்கு ஒரு மருந்தும் கிடைத்தது. 2008இல் நுன்னாரியின் குழு, இழைமணிப் பிளவைத் தடுக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைக் கண்டெடுத்து எம்டிவி-1 என்று பெயரிட்டது. ஆய்வுக்கூடங்கள் போட்டிபோட்டு வாங்கின. சுண்டெலிக்குக் கொடுத்தால் மாரடைப்பின் சேதம் குறைந்தது, நரம்பு பிழைத்தது, கட்டி சுருங்கியது என்று கட்டுரைகள் குவிந்தன. பிறகு கணக்கு கேட்கும் காலம் வந்தது. 2017இல் மேரிலாண்டில் ஒரு குழு அதே மருந்தை டிஆர்பி-1 அறவே இல்லாத செல்களில் போட்டுப் பார்த்தது. மருந்து அங்கேயும் வேலை செய்தது! இலக்கே இல்லாத வீட்டில் அம்பு எதைத் தைத்தது? இழைமணியின் சுவாசச் சங்கிலியில் முதல் கூட்டமைப்பை அது தடுத்துக்கொண்டிருந்தது. அதுவரை வந்த எத்தனை முடிவுகள் பிளவைத் தடுத்ததால் வந்தவை, எத்தனை சுவாசத்தைத் தடுத்ததால் வந்தவை என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. 2019இல் பன்றிகளில், மருத்துவமனை நிலைமைக்கு நெருக்கமாக, மாரடைப்பு உண்டாக்கி இரத்தம் திரும்பும் நேரத்தில் கொடுத்தபோது சேதம் குறையவில்லை.

அம்பு சரியாகத் தைத்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்குமா என்பது என் சந்தேகம். நடு வெட்டையும் முனை வெட்டையும் சேர்த்து நிறுத்தும் மருந்து, அரிவாளைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். காய்ந்த தோகையும் கழியாது, நடவும் நடக்காது. ஃபிஸ்-1, எம்எஃப்எஃப் போன்ற துணைப்புரதங்களில் ஒன்றை மட்டும் தொடும் மருந்தைத் தேடுவதுதான் எனக்கு விவேகமாகப் படுகிறது. டிஆர்பி-1ஐக் குறிவைத்து அனுமதி பெற்ற மருந்து எதுவும் கடைக்கு வந்ததில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் ஜெரால்ட் டார்ன் குழு செய்த ஒரு சோதனையை. வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் மட்டும் டிஆர்பி-1ஐ நீக்கினால் சுண்டெலி சீக்கிரம் சாகிறது. சேர்க்கும் மைட்டோஃபியூசின்கள் இரண்டையும் நீக்கினாலும் சாகிறது. மூன்றையும் ஒருசேர நீக்கினார்கள். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. இந்தச் சுண்டெலிகள் முதல் இரண்டு வகைகளையும்விட நீண்ட நாள் வாழ்ந்தன. ஈஸ்ட்டில் 1999இலேயே கிட்டத்தட்ட இதைப் பார்த்திருந்தார்கள்: ஒட்டும் கருவி கெட்ட செல்லில் வெட்டும் கருவியையும் கெடுத்தால் வலை மீண்டும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அதிகம் கொல்வது ஏற்றத்தாழ்வு.

ஆனால் அந்தச் சுண்டெலிகளும் தப்பவில்லை. வெட்டு நின்றதால் கழிவு அகற்றலும் குன்றியது. பழைய இழைமணிகள் போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே போயின. இதயம் பெருத்தது. சுருங்கி விரிய வேண்டிய தசைநார்கள் இடம்பிசகும் அளவுக்கு இழைமணிகள் நெருக்கியடித்து நின்றன.

இணையத்தில் இப்போது ‘மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும்’ கேப்ஸ்யூல்கள் விற்கிறார்கள். புட்டியின் மேல் அதே அவரை விதைப் படம். வாங்குவதற்கு முன் செயிண்ட் லூயிஸ் சுண்டெலிகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் இதயத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பஞ்சமே இல்லை.